முதல் மணி அடிக்கவில்லை

ஓடாத எந்திரத்தைப் பார்த்து அவள் ஒரு நாளும் பயந்ததில்லை. கணினி எழுந்திருக்க மாட்டேன் என்கிறது, பிரிண்டர் காகிதத்தைத் தின்கிறது, திரை கறுத்துப்போய்விட்டது என்று யார் பதறிக்கொண்டு வந்தாலும், நின்றுதானே போனது, ஓடியா போய்விட்டது என்று சிரித்துக்கொண்டே போய் உட்காருவாள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு திருப்புளி செருகியிருக்கும். அதனால் அந்தச் சிகிச்சை மையத்தில் வாசல் காவலாளி முதல் டாக்டர் வரை அவளைத் திருப்புளி என்றே கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது.

அந்த வாரம் அவள் தலையில் கட்டப்பட்டது ஒரு பட்டியல். பாதுகாப்புச் சோதனைக்கு வந்தவர்கள் கொடுத்துவிட்டுப் போனது. பதினெட்டு வரிகள். மையத்தில் இருக்கும் முப்பத்தொரு கணினியிலும் பதினெட்டையும் செய்து, டிக் அடித்து, கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிட வேண்டும். அதில் பதினான்காவது வரிதான் நமக்கு வேண்டியது.

ப்ராசஸருக்குள் ஒரு வசதி உண்டு. ஒரு கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை, வெறும் மென்பொருளால் ஆன கணினியை, குடிவைத்து ஓட்டலாம். அப்படி ஓட்டும்போது உள்ளே இருப்பதற்கு நேரடியாக இடம் விட்டுக்கொடுக்கிற வசதி அது. கூட்டுக் குடும்பத்தில் மருமகளுக்குத் தனி அடுப்பு கொடுத்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வசதியை மூடிவிட்டால், உப்பு எடுக்கவும் மாமியாரைக் கேட்க வேண்டும். சமையல் ஆகும்; எப்போது ஆகும் என்றுதான் யாரும் சொல்ல முடியாது. சில வைரஸ்கள் இந்த வசதிக்குள் புகுந்து ஒளிந்துகொள்ளுமாம். ஆகவே தேவையில்லாத கணினிகளில் எல்லாம் மூடிவிடுங்கள் என்றது பட்டியல்.

நியாயமான வரிதான், அதன்மேல் பழி போட முடியாது. பழி போட வேண்டியது பழகிப்போன கையின் மேல். கணினியை அணை, எழுப்பு, எழும்போதே விசையைத் தட்டி அமைப்புப் பக்கத்துக்குள் போ, நான்கு வரி கீழே இறங்கு, மூடு, சேமி, வெளியே வா. முதல் கணினிக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. பத்தாவது கணினிக்கு வந்தபோது ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கை தன்பாட்டுக்கு ஓடியது, மனசு எங்கோ கிடந்தது. புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு, நோயாளிகள் யாரும் வருவதற்கு முன்னால், கீழ்த்தளத்தில் அழுத்த அறைக் கணினிக்கும் அதே ஒரு நிமிடம். அதற்கும் ஒரு டிக் விழுந்தது.

அழுத்த அறையில் இருப்பது ஆள் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய். ஆறாத புண் உள்ளவர்களை அதற்குள் படுக்கவைத்து, கதவை இறுக்கி, சுத்தமான ஆக்சிஜனை அழுத்தி நிரப்புவார்கள். செத்துக்கொண்டிருக்கும் சதைக்கு அது உயிர் கொடுக்கும். ஆனால் அதுவும் அளவோடுதான். அழுத்தம் ஏறப் பத்து நிமிடம் ஆகும்; ஏறி முடிந்து முப்பது நிமிடம் ஆனால் ஒரு மணி அடிக்கும். உள்ளே இருப்பவர் பக்கத்தில் தொங்கும் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் சாதாரணக் காற்றை இழுக்க வேண்டும். பிறகு மறுபடி முப்பது நிமிடம். அந்த இடைவெளி தவறினால் சிலருக்கு வலிப்பு வந்துவிடும். எல்லோருக்கும் வராது, ஆனால் யாருக்கு வரும் என்று எந்த டாக்டராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

அந்தக் குழாய்க்குள் இருபத்திரண்டு தடவை படுத்து எழுந்தவர் அவளுடைய மாமனார். முப்பத்தைந்து வருடம் பஸ் ஓட்டியவர். சர்க்கரை வியாதி அவருடைய வலது காலில், பெருவிரலுக்குக் கீழே, ஒரு குழி தோண்டியிருந்தது. அது மூடாவிட்டால் பாதத்தையே எடுக்க வேண்டிவரும் என்று அறுவை டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். முப்பது தடவை குழாயில் படுத்தால் மூட வாய்ப்பிருக்கிறது என்றார். முதல் நாள் குழாயைப் பார்த்ததும் மனிதர் வெலவெலத்துப் போனார். உயிரோடு இருக்கும்போதே பெட்டியில் வைக்கிறீர்களே என்று மகளிடம் சண்டைக்குப் போனார். மகன் வெளியூர் வேலையில் இருந்தான். மருமகள்தான் பக்கத்தில் நின்று, ஒன்றும் ஆகாது மாமா, இந்த எந்திரத்தைப் பார்த்துக்கொள்வதே நான்தான் என்றாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு படுத்தார்.

அதற்கப்புறம் அவருக்கு அது விளையாட்டாகிவிட்டது. கண்ணாடி பஸ் என்று பெயர் வைத்தார். ஒரே ஒரு பயணி, டிரைவர் மட்டும் வெளியே உட்கார்ந்திருக்கிறான், இப்படி ஒரு பஸ்ஸை எங்கேயாவது கண்டதுண்டா என்று காத்திருப்பவர்களைச் சிரிக்கவைத்தார். புதிதாக வந்து பயந்து உட்கார்ந்திருப்பவர்களிடம் போய், என் மருமகள் பார்த்துக்கொள்கிற மணி, ஒரு நொடி தப்பாது, தைரியமாகப் படுங்கள் என்பார். காலிலிருந்த குழியும் சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுருங்கியிருந்தது.

அந்தப் புதன்கிழமை அவருக்கு இருபத்துமூன்றாவது முறை. அன்றைய முதல் ஆளும் அவர்தான். ஒன்பதரைக்குக் குழாய்க்குள் போனார். அவள் இரண்டாவது மாடியில், பதிவேட்டு அறையில், மிச்சமிருந்த நான்கு கணினிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

பத்து நாற்பதுக்கு நாத்தனார் மாடியேறி வந்தாள். கையில் காலி பிளாஸ்க். அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. அப்பாவுக்கு முதல் மணி அடிக்கிற சத்தம் வெளிக்கூடத்தில் கேட்டதும் எழுந்து போய்க் காபி வாங்கிக்கொண்டு வருவாள். பத்தே கால் வாக்கில் போய்விட்டு, அண்ணிக்கும் ஒரு டம்ளர் மேலே கொண்டுவந்து கொடுப்பாள்.

"அண்ணி, இன்னிக்கு மணி சத்தத்த குறைச்சிட்டீங்களா? எனக்குக் கேக்கவே இல்ல. இப்ப போய் காபி வாங்கிட்டு வந்துடட்டுமா?"

நான் ஏன் குறைக்கப்போகிறேன், நீ வாய் பார்த்துக்கொண்டிருந்திருப்பாய் என்றாள் இவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. இல்லை அண்ணி, வாசல் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தேன், அடிக்கவே இல்லை என்றாள் நாத்தனார்.

இவள் விரல் அப்போது கீழம்பு விசையில் இருந்தது. மூன்று வரி இறங்கியாகிவிட்டது. நான்காவது, பட்டியலின் பதினான்காம் எண் மூடச் சொன்ன அந்த வசதி. அதைப் பார்த்தபோதுதான் அவளுக்குக் கீழ்த்தளக் கணினி ஞாபகம் வந்தது.

ஆறு வருடத்துக்கு முந்தி நடந்த சங்கதி. அழுத்த அறையின் பழைய கணினி புகைந்து செத்துப்போனது. குழாயைச் செய்து விற்ற நிறுவனத்தை அதற்குள் மூடிவிட்டிருந்தார்கள். குழாயை நடத்துகிற நிரல் பழைய கணினியில் மட்டும்தான் ஓடும், புதியதில் ஏறாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, புதுக் கணினி ஒன்றை வைத்து, அதற்குள் அந்தப் பழைய கணினியை அப்படியே உருவாக்கி, நிரலை அதில் குடிவைத்தாள். விளிம்புகளையெல்லாம் மறைத்துத் திரை முழுக்கப் பழைய படமே தெரியும்படி செய்தாள். அறையை நடத்துகிறவர் பயந்துவிடக் கூடாது, உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று குழம்பக் கூடாது என்பதற்காக. இரண்டு வாரத்துக்கு மட்டும்தான், புதுக் குழாய் வந்துவிடும் என்றார் டாக்டர். இரண்டு வாரத்துக்கு என்று செய்ததை யார் பதிவேட்டில் எழுதுவார்கள்? புதுக் குழாயும் வரவில்லை. அவள் மறைத்து வைத்ததை அவளே மறந்துபோனாள்.

சரி, வசதியை மூடிவிட்டால் உள்கணினி திறக்காமல் அடம்பிடித்திருக்க வேண்டும் இல்லையா? காலையிலேயே ஒரு பிழைச் செய்தி வந்து, சிகிச்சை தள்ளிப்போய், யாராவது அவளைக் கூப்பிட்டுக் கத்தியிருப்பார்கள். அதோடு முடிந்திருக்கும். அங்கேதான் அவளுடைய கெட்டிக்காரத்தனம் வேலை செய்திருந்தது. லீவு நாளில் யாரும் போன் பண்ணித் தொல்லை கொடுக்கக் கூடாது என்று, அந்த வசதி இல்லாவிட்டாலும் எப்படியாவது ஓட்டு என்று ஒரு கட்டத்தில் டிக் போட்டு வைத்தவளும் அவள்தான். அது ஓடிக்கொண்டிருந்தது. நொண்டிக்கொண்டு, ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்த்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்தது.

பழைய கணினிக்கு நேரம் என்பது வெளியிலிருந்து வரும் தட்டுகள். தட்டை எண்ணி எண்ணி நொடி, நொடியை எண்ணி நிமிடம். மூச்சு முட்ட வேலை பார்க்கும்போது பாதித் தட்டுகள் வந்து சேராது. வராததை அது அறியாது. அதன் கணக்கில் முப்பது நிமிடம் இன்னும் ஆகவில்லை. ஆகாதவரை மணி அடிக்காது.

நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது. நாத்தனார் என்ன அண்ணி, என்ன அண்ணி என்று கூப்பிடுவது காதில் விழுந்தும் நிற்காமல் படிகளில் இறங்கினாள். கீழே போன் பண்ணவும் வழியில்லை. ஒரு பொறி பட்டால் போதும், ஆக்சிஜன் இருக்கிற இடம். மின்கலம் உள்ள எதையும் உள்ளே விடமாட்டார்கள். கைபேசி, கைக்கடிகாரம் எல்லாம் வாசலில் ஒரு தட்டில் கிடக்கும். சாவி கொடுத்து ஓட்டுகிற சுவர்க் கடிகாரம் ஒன்று இருந்தது, அதையும் கழற்றிவிட்டார்கள். திரைக்கும் சுவருக்கும் ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் வித்தியாசம் காட்ட, எது சரி என்று நோயாளிகள் வம்பளந்துகொண்டிருந்ததால் டாக்டரே கழற்றச் சொன்னார். ஆக அந்த அறைக்குள் நேரம் சொல்ல அந்தத் திரையை விட்டால் வேறு நாதி இல்லை.

அறையை நடத்துகிறவருக்கு மீசை என்று பெயர். அந்த மீசையைப் பார்த்தவர்கள் ஏன் என்று கேட்கமாட்டார்கள். நிதானமான மனிதர், பதினொரு வருட அனுபவம். அவள் கைக்கடிகாரத்தோடு உள்ளே பாய்ந்ததைப் பார்த்து முறைத்தார். அவள் அதைக் கவனிக்கவில்லை. திரையில் ஓடிக்கொண்டிருந்த எண்ணைப் பார்த்தாள். இருபத்தாறு நிமிடம், பத்து நொடி. கைக்கடிகாரத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். திரையில் பத்து நொடி நகர்ந்தது. அவள் மணிக்கட்டில் இருபது நொடி போயிருந்தது.

குழாயைத் திரும்பிப் பார்த்தாள். மாமனார் மல்லாந்து படுத்திருந்தார். எப்போதும் கையசைத்துக் கண்டக்டர் மாதிரி விசில் ஊதிக் காட்டுகிறவர், இன்று அவளைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொண்டார். மீசை சிரித்தார். இன்று உங்கள் மாமனாருக்கு என்னவோ ஆகிவிட்டது; அழுத்தம் ஏறும்போது காதே வலிக்கவில்லை என்று குஷியாகத்தான் இருந்தார், இப்போது என்னடாவென்றால் விளக்கு கண்ணைக் குத்துகிறது, பேசாதே, சும்மா இரு என்று எரிந்து விழுகிறார் என்றார்.

காது ஏன் வலிக்கவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. அழுத்தமும் பாதி வேகத்தில்தான் ஏறியிருக்கிறது.

"அண்ணே, திரையில ஓடுற நேரம் தப்பு. அதுல ஒரு நிமிஷம்னா வெளிய ரெண்டு நிமிஷம். மாமா அம்பது நிமிஷத்துக்கு மேல ஆக்சிஜன் இழுத்துட்டிருக்காரு. மாஸ்க் போடச் சொல்லுங்க."

மீசை திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நம்பவில்லை. எப்படி நம்புவார்? ஆறு வருடமாக ஒரு நொடி பிசகாத எண். மணி அடிக்காமல் எதிலும் கை வைக்கக் கூடாது, வைப்பதென்றால் டாக்டர் சொல்ல வேண்டும் என்பது அங்கே சட்டம். என்ன கோளாறு, யார் சொன்னது, டாக்டரைக் கூப்பிடுகிறேன், பக்கத்துக் கட்டடத்தில்தான் இருக்கிறார், ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவார் என்று எழுந்தார்.

அந்த இடத்தில் அவள் ஒரு கணம் நின்றதை மறைக்க வேண்டியதில்லை. ஏதோ கோளாறு என்று சொல்லிவிடலாம். சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அமைப்புப் பக்கத்தில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று எழுதி வைத்திருக்காது. மத்தியானம் சாவகாசமாகப் போய்த் திறந்து வைத்துவிட்டால் பூனை பால் குடித்த சுவடும் இருக்காது. வேலை தப்பும். மாமனார் ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிற பெயரும் தப்பும். ஆனால் ஏதோ கோளாறு என்பதற்காக மீசை மைக்கை எடுக்கமாட்டார். ஐந்து நிமிடம் போய்விடும். 

"கோளாறு இல்ல அண்ணே. நான்தான் கெடுத்தேன். காலையில எட்டரைக்கு இந்தக் கம்ப்யூட்டர்ல ஒண்ண மூடிட்டேன். அதனாலதான் நேரம் பாதியா ஓடுது. எனக்கு நிச்சயமாத் தெரியும்."

மீசையின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கிப் போனதை அவள் பார்த்தாள். அவர் திரும்ப உட்கார்ந்தார். மைக்கை எடுத்து, ஐயா, மாஸ்க்கை எடுத்து மாட்டுங்கள் என்றார்.

குழாய்க்குள்ளிருந்து ஒலிபெருக்கியில் வந்தது பதில். மணி அடிக்கவில்லையே என்றார் மாமனார். அடிக்காவிட்டாலும் பரவாயில்லை, மாட்டுங்கள் என்றார் மீசை. மாட்டமாட்டேன் என்றார் அவர். இருபத்திரண்டு தடவை மணிக்குத்தான் மாட்டினேன், உனக்கு ஒன்றும் தெரியாது, மணி என் மருமகள் பார்த்துக்கொள்வது, நீ வாயை மூடிக்கொண்டு உட்கார் என்று இரைந்தார். அவர் பஸ்ஸில் குடித்துவிட்டு ஏறியவனைக்கூட அப்படிப் பேசியதில்லை. பேசும்போது வாயின் இடது ஓரம் வெட்டி வெட்டி இழுத்தது. மீசை அதைப் பார்த்துவிட்டார். மைக்கை மறைத்துக்கொண்டு, ஆரம்பித்துவிட்டது அம்மா, உதடு துடிக்கிறது பார் என்றார் ரகசியமாக.

அவள் மைக்கைப் பிடுங்கினாள். கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றாள். ஒரு சாண் தூரத்தில் அவர் முகம்.

"மாமா, என்னப் பாருங்க. அந்த மணிய நம்பாதீங்க. அத நான் கெடுத்துட்டேன். தப்பு பண்ணிட்டேன் மாமா. மாஸ்க்க மாட்டுங்க, உங்க கால்ல விழறேன்."

அவர் அவளைப் பார்த்தார். என்ன சொன்னாள் என்பது அவருக்கு ஏறியதா, அவள் அழுவது மட்டும் தெரிந்ததா, யார் கண்டது. கை தடவித் தடவி மாஸ்க்கைத் தேடியது. எடுத்தார். பட்டையைத் தலைக்குப் பின்னால் மாட்டினார். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. அப்பாடா என்று அவள் நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்தாள்.

உடம்பில் ஏறிவிட்ட ஆக்சிஜன் இறங்குவதற்குள், மூன்றாவது நிமிடம் வலிப்பு வந்தது.

முதலில் கழுத்து விறைத்தது. பிறகு உடம்பு வில்லாக வளைந்து, குதிகால்கள் படுக்கையில் தடதடவென்று அடித்தன. குழாயே அதிர்ந்தது. வாசலில் வந்து நின்ற நாத்தனார் கையிலிருந்து பிளாஸ்க் விழுந்து உருண்டது. அப்பா என்று அலறிக்கொண்டு கதவுப் பிடியைப் பாய்ந்து பிடிக்கப் போனவளை மீசை ஒரு கையால் தடுத்தார். இன்னொரு கை அழுத்தத்தை இறக்கும் வால்வின் மேல் இருந்தது. திருகவில்லை.

"இப்ப இறக்கினா நுரையீரல் கிழிஞ்சிடும்மா. மூச்சு அடைச்சு நிக்குது. அடங்கட்டும். அடங்கற வரைக்கும் தொடக் கூடாது."

திறந்தால் சாவு, திறக்காவிட்டால் இதோ கண்ணெதிரே இது. இப்படி ஒரு நிலையில் செய்வதற்கு ஒன்றுமே இல்லை என்பதைப் போல ஒரு கொடுமை இருக்கிறதா சொல்லுங்கள். மீசை அவளிடம் நேரம் சொல் என்றார். திரையைப் பார்க்காதே, உன் கையைப் பார்த்துச் சொல் என்றார். அவள் சொன்னாள். இருபது. முப்பது. நாற்பது. அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. ஒரு நிமிடம். மாமனாரின் உதடு நீலம் பாரித்தது. ஒரு நிமிடம் பத்து. கடவுளே என்றாள் நாத்தனார் தரையில் உட்கார்ந்துகொண்டு. ஒரு நிமிடம் முப்பது. திரையில் பார்த்தால் முக்கால் நிமிடம்தான் ஆகியிருந்தது.

ஒன்று நாற்பதில் உடம்பு தளர்ந்தது. செத்துப்போனார் என்றே அவள் நினைத்தாள். மார்பு எழவில்லை. பிறகு கரகரவென்று, குறட்டை போல, நீளமாக ஒரு மூச்சு மாஸ்க்கை நிறைத்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. மீசை பத்து மூச்சு எண்ணினார். அப்புறம்தான் வால்வைக் கையால் நூல் நூலாகத் திருக ஆரம்பித்தார். பதினைந்து நிமிடம் ஆனது. ஒவ்வொரு நிமிடத்தையும் அவள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நின்றாள். கதவு திறந்தபோது, அலறல் கேட்டுக் காவலாளி போய்ச் சொன்னதில் டாக்டரும் வந்து சேர்ந்திருந்தார்.

மாமனார் கண்ணைத் திறந்து மகளைப் பார்த்து யார் நீ என்று கேட்டார். அரை மணி கழித்து, பஸ்ஸை எங்கே நிறுத்தினேன் என்று கேட்டார். சாயங்காலம் ஆகும்போது எல்லோரையும் அடையாளம் தெரிந்துவிட்டது. ஆக்சிஜனால் வருகிற வலிப்பு தழும்பு வைக்காமல் போய்விடும், மூளைக்கு ஒன்றுமில்லை, பிழைத்தார் என்றார் டாக்டர். இன்னும் ஒரு கால் மணி போயிருந்தால் என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். ஆறு வருடத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுத்தாள். வேலையில் வைப்பதா அனுப்புவதா என்பதைப் பிறகு சொல்கிறோம் என்றார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு அழுத்த அறைக்குப் போனாள். மூடிய வசதியைத் திறந்தாள். எப்படியாவது ஓட்டு என்ற டிக்கை எடுத்துவிட்டாள். இனி அந்த வசதி இல்லையென்றால் திரை திறக்கவே திறக்காது. விளிம்புகளை மறைத்திருந்ததையும் எடுத்து, உள்ளே இருப்பது உள்ளே, வெளியே இருப்பது வெளியே என்று எவருக்கும் தெரியும்படி வைத்தாள். கழற்றிய சுவர்க் கடிகாரத்தை அறைக்கு வெளியே, கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெரியும் இடத்தில் மாட்டினாள். இதையெல்லாம் செய்யும்போது ஒவ்வொரு விசைக்கும் கை ஒரு முறை நின்று, பயந்து, பிறகுதான் அழுத்தியது.

வீட்டில் நாத்தனார் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. போனில் கணவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்பா என்ன சொல்கிறார் என்று மட்டும் கேட்டான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருந்தது. சாப்பிட்டார், படுத்தார், காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அந்தப் பொத்தான் அளவுக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஏழு தடவை பாக்கி. பாதியில் விட்டால் சுருங்கிய குழி மறுபடி வாயைப் பிளக்கும் என்றார் அறுவை டாக்டர். குழாய்க்குப் போவாரா மாட்டாரா என்று அவரிடம் கேட்கிற தைரியம் வீட்டில் யாருக்கும் இல்லை. பாதமில்லாத காலோடு அவரை அவள் ராத்திரி ராத்திரியாகக் கனவில் பார்த்தாள்.

திங்கட்கிழமை காலை அவராகவே சட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். போகலாம் என்றார்.

குழாய்க்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். படுக்கை வெளியே இழுத்து வைக்கப்பட்டிருந்தது. மீசை ஓரமாக ஒதுங்கி நின்றார். மாமனார் படுக்கை விளிம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். மருமகளைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்ப சரியா இருக்கா?"

ஒன்றும் ஆகாது மாமா என்பது அவள் நாக்கு நுனியில் இருந்தது. இருபத்திரண்டு தடவை சொன்னது. வாய்க்கு வந்ததை அவள் விழுங்கினாள்.

"நாலு நாளா பார்த்துட்டேன் மாமா. மீசை அண்ணனும் ரெண்டு தடவ ஆளில்லாம ஓட்டிப் பார்த்துட்டாரு. எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா எனக்குப் பயமா இருக்கு."

திட்டுவார் என்று நினைத்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். அவர் மெல்லப் படுக்கையில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை இரண்டு கையாலும் தூக்கி மேலே வைத்துக்கொண்டார்.

"இத்தன தடவ நீ பயமில்லன்னு சொன்னே, நான் கண்ண மூடிட்டுப் படுத்தேன். இன்னிக்குத் திறந்து வெச்சுட்டுப் படுக்கறேன். நீயும் கண்ண எடுக்காத."

படுக்கை உள்ளே போனது. கதவு சுழன்று இறுகியது. மீசை கொடுத்த ஸ்டாப் வாட்ச், சாவி கொடுத்து ஓட்டுகிற பழைய மாதிரி, அவள் உள்ளங்கையில் வியர்வையில் வழுக்கியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு கண்களும் திறந்தபடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஆக்சிஜன் ஏறும் சத்தம் கேட்டதும் பொத்தானை அழுத்தினாள். விரல் வழுக்கி முதல் தடவை அழுந்தவில்லை. இரண்டாம் தடவை அழுத்தினாள்.